சுபேதார் சோலைமலையின் ஜோடிப் பட்டியல்

கடல் தாண்டி, மலை தாண்டி, கடைசிவரை யார் வாயிலும் ஒழுங்காக நுழையாத பெயர் கொண்ட ஒரு குளிர்நாட்டில் நான்கு புத்திசாலிகள் இருந்தார்கள். புத்திசாலிகள் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். மறுத்துச் சொல்ல அங்கே தமிழ் தெரிந்த வேறு ஆள் கிடையாது.

முதலாமவர் சுபேதார் சோலைமலை, திருமங்கலத்துக்காரர். இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு, அந்த நாட்டுச் சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போன சின்னக் குழுவில் இடம் பிடித்தவர். இரண்டாமவர் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஹவில்தார் ஜெபமணி, நாகர்கோவில் பக்கம். மூன்றாவது சுபேதாரின் மனைவி அங்கயற்கண்ணி. நான்காவது ஜெபமணியின் மனைவி ஸ்டெல்லா. ஒரே மாடியில் எதிரெதிர் வீடு.

நான்கு பேரில் நிஜமான அறிவாளி தான் ஒருத்திதான் என்பது அங்கயற்கண்ணியின் எண்ணம். அந்த எண்ணத்துக்கு என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கதை.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. கல்யாணமாகிப் பதினொரு வருஷம். அதில் எல்லையிலும் பனிமலையிலும் பாலைவனத்திலும் அவர் கழித்த காலம் போக, இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தது மொத்தமாகவே பதினாலு மாசம். இப்போதுதான் முதன்முதலாகக் குடும்பத்தோடு இருக்கலாம் என்று அனுப்பியிருந்தார்கள். சனி, ஞாயிறு லீவு வேறு. அந்த ஊர்ப் பூங்காவில் சக்கரம் இல்லாத குதிரை வண்டி ஒன்று பனியில் வழுக்கிக்கொண்டு போகும். அதில் இரண்டே பேர்தான் உட்கார முடியும். வந்த முதல் நாளே ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டாள். தானும் புருஷனும் அதில் ஒரு சுற்று. அவ்வளவுதான் அவள் கேட்டது.

குறுக்கே வந்தது குழுவின் தலைவர் மேஜர் தத்தாவின் குளிர்கால உத்தரவு.

மேஜர் நல்ல மனுஷர். யாருக்கும் மூக்கு, காது விறைத்துப்போய்விடக் கூடாதே என்ற அக்கறையில் எழுதியிருந்தார். வீட்டை விட்டு வெளியே போகும்போது யாரும் தனியாகப் போகக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி இருக்க வேண்டும். ஜோடியை விட்டு மூன்று அடிக்கு மேல் விலகக் கூடாது. கால் மணிக்கு ஒரு தடவை ஒருவர் மூக்கை ஒருவர் பார்க்க வேண்டும். மூக்கு வெளுத்திருந்தால் தேய்க்காமல், நிறம் திரும்பும்வரை உள்ளங்கையால் பொத்திச் சூடாக்க வேண்டும். யாருக்கு யார் ஜோடி என்று பட்டியல் போடும் பொறுப்பு சுபேதாருக்கு.

சோலைமலை ராணுவ முறைப்படி பட்டியல் போட்டார். அதாவது, பதவி வரிசைப்படி. முதல் இடம் அவருக்கு, இரண்டாவது ஜெபமணிக்கு. ஆகவே அது ஒரு ஜோடி. மூன்றாவது அங்கயற்கண்ணி, நான்காவது ஸ்டெல்லா. ஆகவே அது இன்னொரு ஜோடி. கையெழுத்துப் போட்டுக் கதவில் ஒட்டினார்.

அங்கயற்கண்ணி அதை இரண்டு தடவை படித்தாள்.

"என்னங்க, எனக்கு ஸ்டெல்லாவா ஜோடி?"

"ஆமா. ஏன், நல்ல பிள்ளைதானே?"

"நல்ல பிள்ளைதான். ஆனா உங்களுக்குக் கல்யாணம் ஆயிருக்கிறது என்கூடன்னு ஒரு ஞாபகம்."

"கயலு, அது வீட்டுக்குள்ள. இது வெளிய போறதுக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

மூக்கு வெளுப்பதைப் பற்றியும் ஒரு பெரிய விவாதம் நடந்தது. நான்கு பேரும் வெயிலில் வளர்ந்தவர்கள். அந்த மூக்குகள் வெளுத்ததாகச் சரித்திரமே கிடையாது. அசல் நிறம் தெரிந்தால்தானே வெளுத்திருக்கிறதா என்று சொல்ல முடியும் என்று ஜெபமணி கேட்டான். நியாயமான கேள்வி. அதற்காக மூக்குப் பதிவேடு ஒன்று தொடங்கினார்கள். ஜெபமணியின் மூக்கு கருப்பட்டி. சுபேதாருடையது பழைய புளி. ஸ்டெல்லாவுடையது வறுத்த வேர்க்கடலை. அங்கயற்கண்ணியின் மூக்கை ஸ்டெல்லா பார்த்து, 'காபி, பால் கம்மி' என்று எழுதினாள். சுபேதார் அந்த மூக்கின் பக்கமே திரும்பவில்லை. அது அவருடைய ஜோடி இல்லையே.

முதல் சனிக்கிழமை உறைந்த ஏரியைப் பார்க்கப் போனார்கள். ஜனங்கள் ஏரி மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் இருந்த காவலாளி ஒரு பலகையைக் காட்டினார். கூட்டமாகப் போகாதீர்கள், ஒருவருக்கொருவர் பத்தடி இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் பனிக்கட்டி தாங்காது என்று ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது.

சோலைமலை நின்றுவிட்டார். "மூணடிக்கு மேல விலகக் கூடாதுங்கிறது மேஜர் உத்தரவு. பத்தடிக்குள்ள வரக் கூடாதுங்கிறது ஏரி உத்தரவு. எதைக் கேக்கிறது?"

"சாப், மேஜரு பெரிய ஆளாக்கும்," என்றான் ஜெபமணி.

"தண்ணிக்குள்ள விழுந்தா மேஜரா வந்து தூக்குவாரு?" என்றாள் ஸ்டெல்லா.

ஒன்றரை மணி நேரம் கரையில் நின்று யோசித்தார்கள். நடுநடுவே கால் மணிக்கு ஒரு தடவை மூக்குச் சோதனையும் நடந்தது. கடைசியில் சுபேதார் வழி கண்டுபிடித்தார். ஜோடிக்குள் மூன்றடி. ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவில் பத்தடி. இரண்டு உத்தரவும் பிழைத்தன.

அப்படியாக அங்கயற்கண்ணியின் புருஷன் அவளிடமிருந்து சட்டப்படியே பத்தடி தள்ளிப் போனார். அந்தப் பரந்த வெள்ளை ஏரியில் அவரும் ஜெபமணியும் ஒட்டிக்கொண்டு முன்னால் நடக்க, அவள் பின்னாலிருந்து அவர் குல்லாவின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே போனாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என்னங்க, குளிருதா?" என்று கத்தினாள். காதை மூடிக் குல்லா கட்டியிருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. குல்லாவைத் தூக்கக் கூடாது என்பதும் உத்தரவில் இருந்தது.

ஸ்டெல்லா கையை ஆட்டி ஜெபமணிக்குத் தெரிவித்தாள். ஜெபமணி சுபேதாரின் குல்லா விளிம்பில் வாயை வைத்து ஓதினான். சுபேதார் யோசித்துப் பதில் சொன்னார். அது அதே வழியாகத் திரும்பி வந்தது.

"அக்கா, 'நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது'ன்னு சொல்லச் சொன்னாவ."

புருஷன் பெண்டாட்டி பேச்சு அன்றைக்கு அத்தோடு முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒரு தேநீர்க் கடைக்குப் போனார்கள். அன்றைக்கு அந்த ஊரில் காதலர்களுக்கான ஏதோ விசேஷம். மேசைக்கு மேசை மெழுகுவத்தி. எல்லாம் இரண்டு பேர் உட்காரும் மேசை. பட்டியல்படி உட்கார்ந்தார்கள். ஒரு மேசையில் அங்கயற்கண்ணியும் ஸ்டெல்லாவும். மூன்றடிக்குள் அடங்க வேண்டுமே என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த மேசையில் சுபேதாரும் ஜெபமணியும்.

கால் மணி ஆனது. இரண்டு ஆண்களும் கையுறையைக் கழற்றி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் குனிந்து, கண்கொட்டாமல் பார்த்தார்கள். ஜெபமணிக்குச் சந்தேகம் வந்தது. மெதுவாகக் கையை நீட்டி சுபேதாரின் மூக்கைப் பொத்தினான்.

கடைக்காரப் பெண் அதைப் பார்த்து உருகிப்போனாள். உள்ளே போய் இதய வடிவத்தில் ஒரு கேக்கும் ஒரு சிவப்பு ரோஜாவும் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்தாள். ஜோடிகளுக்கு இன்று இலவசம் என்றாள்.

"பாத்தியா ஜெபமணி," என்றார் சுபேதார் பெருமையாக. "நம்ம பட்டியல் இந்த நாட்டு ஜனங்க வரைக்கும் போயிருக்கு."

"ரோஜாவை யாரு வச்சுக்கிறது, சாப்?"

"நான்தானே சீனியர்?"

ரோஜாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அங்கயற்கண்ணி பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினொரு வருஷத்தில் அவள் புருஷன் தன் கையால் ஒரே ஒரு முழம் கனகாம்பரம் வாங்கித் தந்திருக்கிறார், அதுவும் அவருடைய அம்மா சொன்ன பிறகு. இங்கே என்னடாவென்றால் அவருக்கும் ஜெபமணிக்கும் ரோஜா. அவளுடைய மேசைக்கும் ஒரு கேக் வந்தது. ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள்.

"நல்லாருக்கு அக்கா. சாப்பிடுங்க."

"நீயே தின்னு," என்றாள் அங்கயற்கண்ணி.

வீட்டுக்கு வந்ததும் யோசித்தாள். சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. சுபேதார் சண்டைக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. காகிதத்துக்குத்தான் பயப்படுவார். நான்கு பேரில் அறிவாளி அல்லவா அவள்? உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினாள். ஜோடியை மாற்றித் தரும்படி மேஜருக்கு, சுபேதார் மூலமாக.

சுபேதார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் அதைப் படித்தார்.

"காரணம் எழுதலையே?"

"என்ன காரணம் எழுதணும்? நீங்க என் புருஷன்."

"அது தகவல். காரணம் வேணும்."

அவள் காகிதத்தைப் பிடுங்கி, ஒரே மூச்சில் எழுதி நீட்டினாள். 'பதினொரு வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது பதினாலு மாதம். எனக்கு அவரோடு ஒரு சுற்றுப் போக வேண்டும்.'

சோலைமலை அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவை எடுத்து ஒரு திருத்தம் போட்டார்.

"தப்பா எழுதியிருக்க கயலு. பதினாலு மாசம் இல்ல. பதினாலு மாசம் ஒன்பது நாள். உங்கக்கா மக சடங்குக்கு ஒன்பது நாள் வந்தேன்ல, அதை விட்டுட்ட."

அவர் எண்ணிக்கொண்டிருப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் விண்ணப்பத்தின் அடியில் 'பலமாகப் பரிந்துரைக்கிறேன்' என்று எழுதினார்.

ஆனால் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. முதல் ஜோடி உடைந்தால் ஜெபமணி அநாதை. இரண்டாவது உடைந்தால் ஸ்டெல்லா அநாதை. இந்த இரண்டு அநாதைகளை என்ன செய்வது? நான்கு பேரும் உட்கார்ந்து ஒரு பானை டீ தீரும்வரை பேசினார்கள்.

"ஊருல இருந்து ரெண்டு பேரை வரவழைக்கலாம்," என்றார் சுபேதார்.

"விசா ஆவணுமே, சாப்."

"ஸ்டெல்லாவை வீட்டுக்குள்ளயே இருக்கச் சொல்லலாம்," என்றாள் அங்கயற்கண்ணி. ஆசை கண்ணை மறைத்திருந்தது.

அப்போதுதான் ஸ்டெல்லா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எனக்கும் அவியளுக்கும் ஆறு வருசம் முன்ன கல்யாணம் ஆச்சு. அது ஏதும் உதவுமா?"

எல்லோரும் ஜெபமணியைப் பார்த்தார்கள். "ஆமா, உண்டும்," என்று அவன் ஒப்புக்கொண்டான். ஒரே விண்ணப்பத்தில் அதையும் சேர்த்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மேஜர் அதைப் படித்தார். கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தார் என்று கேள்வி. பிறகு, 'ஜோடி மாற்றத்துக்கு அனுமதி. உடனே அமலுக்கு வருகிறது' என்று கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலையில் அங்கயற்கண்ணி பச்சைப் பட்டுப் புடவை கட்டி, அதற்கு மேல் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு கோட்டும் போட்டுக்கொண்டாள். புடவை அணுவளவும் வெளியே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது, அது போதும். குதிரை வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். இரண்டே பேர். குதிரை புறப்பட்டது. மரமெல்லாம் வெள்ளையாக நின்றது. ஸ்வெட்டர் நெருக்கினாலும் மனசு லேசாக இருந்தது.

"மூக்கைக் காட்டு," என்றார் சுபேதார்.

காட்டினாள். அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மூக்கை இதற்கு முன் அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"மூக்குத்தி இந்தப் பக்கமா குத்தியிருக்க?"

"பதினாலு வயசுல இருந்து இந்தப் பக்கம்தான்."

"எனக்குத் தெரியாமப் போச்சே, கயலு," என்றார். பிறகு மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்து, "ஜில்லுன்னு இருக்கு. ஆபத்து," என்று உள்ளங்கையால் பொத்தினார். நிறம் திரும்பும்வரை எடுக்கக் கூடாது. 'காபி, பால் கம்மி' எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாததால் எடுக்கவே இல்லை. அந்தப் பெரிய கை அவள் கண்ணையும் சேர்த்து மூடியிருந்தது. ஏரி, பாலம், சிலை எதையும் அவள் பார்க்கவில்லை. வாயால் மூச்சு விட்டுக்கொண்டே பூங்காவை முழுசாகச் சுற்றி வந்தாள். வாழ்க்கையில் அதைவிட நல்ல இடத்துக்குப் போனதில்லை என்று இறங்கியதும் ஸ்டெல்லாவிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கவும் இரண்டு பேரும் ஒன்றாகப் போனார்கள். குப்பை கொட்டவும் ஒன்றாகப் போனார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவளுக்கு ருசி கண்டுவிட்டது.

திங்கட்கிழமை காலை சுபேதார் உடுப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, அவளும் கோட்டு போட்டு, டிபன் கேரியரோடு வாசலில் நின்றாள்.

"நீ எங்க?"

"உங்க ஜோடி இல்லாம நீங்க எப்படி வெளிய போவீக?"

"கயலு, இது டூட்டி."

"உத்தரவுல டூட்டிக்கு விலக்குன்னு எழுதியிருக்கா?"

அவர் கதவில் ஒட்டியிருந்ததை மேலிருந்து கீழாகவும், பிறகு கீழிருந்து மேலாகவும் படித்தார். எழுதியிருக்கவில்லை. எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அங்கே ஸ்டெல்லாவும் தயாராக நின்றாள்.

காலை எட்டு மணிக்கு மேஜர் தத்தா முற்றத்துக்கு வந்தபோது, கொட்டும் பனியில் அணிவகுப்பின் கடைசி வரிசையில் புருஷன்மார் பக்கத்தில் இரண்டு பெண்கள் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் டிபன் கேரியர். அந்த நாட்டுச் சிப்பாய்கள் இது இந்திய ராணுவத்தின் புது வழக்கம் போலிருக்கிறது என்று மரியாதையாக இடம் விட்டிருந்தார்கள்.

மேஜருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவருக்கே மூக்கு சிவந்துவிட்டது. இந்தியில் கத்தினார்.

"ஜோடி உத்தரவே ரத்து! இந்த நிமிஷத்திலிருந்து இங்கே யாருக்கும் யாரும் ஜோடி இல்லை!" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

சோலைமலையின் முகம் தொங்கிப்போனது. மனைவியை ஒரு தடவை பார்த்தார். பிறகு வலது பக்கமாக நான்கு அடி எடுத்து வைத்து விலகி நின்றார்.

"என்னங்க!" என்றாள் அங்கயற்கண்ணி.

"உத்தரவு, கயலு. காதால கேட்டேல்ல?"

"அப்ப நம்ம கல்யாணம்?"

"பின்னால வர்ற உத்தரவு முன்னால இருக்கிறதை ரத்து செஞ்சிரும். ராணுவத்துல அதுதான் முறை." குல்லாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் ஜெபமணியும் ஸ்டெல்லாவை விட்டு விலகி, கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு விசும்பினான்.

அங்கயற்கண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். பதினொரு வருஷமாக யார் வம்புக்கும் போகாமல் சும்மா கிடந்த கல்யாணம். அதைக் கொண்டுபோய் மேஜரிடம் எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கி, இப்போது ரத்தும் ஆகிவிட்டது. இத்தனைக்கும் நான்கு பேரில் அவள்தான் அறிவாளி.

கால் மணி கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்த மேஜர், முற்றத்தின் நான்கு மூலையில் நான்கு பேர் தனித்தனியாக அழுதுகொண்டிருப்பதைக் கண்டார். கூப்பிட்டு விசாரித்தார். சுபேதார் நிலைமையை விளக்கினார். கல்யாணம் தொடர்கிறதா, இல்லையா என்று எழுத்தில் தெரிவித்தால் அதன்படி நடந்துகொள்வதாகச் சொன்னார்.

மேஜர் பேனாவைத் தேடி எடுத்தார். பிறகு ஒரு காகிதத்தை இழுத்து, 'கீழ்க்கண்டவர்கள் கணவன் மனைவி ஆவார்கள்' என்று எழுதி, இரண்டு ஜோடிப் பெயரையும் போட்டார். எந்தத் தேதியிலிருந்து அமல் என்று எழுதாத உத்தரவு செல்லாது என்று சுபேதார் பணிவாக நினைவுபடுத்தினார். முன்தேதி போடவும் விதி இல்லையாம். மேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு அன்றைய தேதியும், காலை எட்டரை மணி என்றும் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு, கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள்.

அந்த வாரச் சனிக்கிழமை மதியம் அங்கயற்கண்ணியும் சோலைமலையும் அதே தேநீர்க் கடைக்குப் போய், ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். கடைக்காரப் பெண் சுபேதாரை அடையாளம் கண்டுகொண்டு கொஞ்சம் குழம்பினாள். பிறகு அங்கயற்கண்ணியைப் பார்த்துச் சிரித்து, கல்யாணமாகி எவ்வளவு காலம் ஆகிறது என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

அங்கயற்கண்ணிக்கு வெட்கம் வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"அஞ்சு நாள்தான் ஆச்சு," என்று சொல்லி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். "இந்த அஞ்சு நாள்ல ஒரு நாள் கூட நாங்க பிரிஞ்சு இருந்ததே இல்ல."

சுபேதார் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டரை.

"தப்பாச் சொல்ற கயலு," என்று அவள் மூக்கைப் பொத்தினார். "அஞ்சு நாள் ஆறு மணி நேரம்."